ஜூமின் எக்ஸ் எண்ணைப் பார்த்து கேமரா வாங்காதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சூப்பர்ஜூம் பிரிட்ஜ் கேமராக்களை, அதாவது கழற்ற முடியாத நீள ஜூம் லென்ஸோடு வருபவற்றைப் பற்றியவை. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். விலை வாராவாரம் மாறுவதால் அதைப் பற்றி எழுதவில்லை.

நிக்கான் பி950, கேனான் எஸ்எக்ஸ்70 எச்எஸ். இரண்டில் எதை வாங்கலாம்? கூந்தன்குளத்துக்கு அடிக்கடி போவேன். வீட்டு விசேஷங்களுக்கும் பயன்பட வேண்டும். – திருநெல்வேலி வாசகர்

பறவைதான் முக்கியம் என்றால் பி950. அது 24 முதல் 2000 மி.மீ. வரை போகும், கேனான் 21 முதல் 1365 வரை. இந்த எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். சென்சார் இரண்டிலும் அதே 1/2.3 அங்குலம்தான். அதனால் பக்கத்தில் இருப்பதை எடுத்தால் படத்தின் தரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. தூரத்தில்தான் தெரியும். இரண்டுமே ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) தரும், 4கே வீடியோ எடுக்கும்.

எடையையும் யோசியுங்கள். பி950 ஒரு கிலோ, கேனான் அறுநூறு கிராம் சொச்சம். காலை முழுக்கக் கரையில் நடப்பவருக்கு இந்த நானூறு கிராம் பெரிய விஷயம். தொடர்ச்சியாகச் சுட்டால் பி950 பத்துப் படத்தோடு நின்று மூச்சு வாங்கும், மீன்கொத்தி பாய்வது அதற்குள் முடிந்துவிடும். பேட்டரி இரண்டிலும் முந்நூறு படம் அளவுக்குத்தான், கேமராவோடு சேர்த்தே இன்னொன்று வாங்கிவிடுங்கள்.

இரண்டிலும் லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பட்டன் இருக்கிறது. கடையில் அதை யாரும் காட்டுவதில்லை. முழு ஜூமில் பறவை சட்டத்தை விட்டுப் போய்விட்டால் அந்தப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ஜூம் பின்வாங்கி அகலமாகக் காட்டும், நடுவில் ஒரு கட்டம் தெரியும். பறவையை அந்தக் கட்டத்துக்குள் கொண்டுவந்து விரலை எடுத்தால் ஜூம் பழைய இடத்துக்கே போய்விடும். இதைப் பழகாமல் 2000 மி.மீ.யில் கிளையில் இருக்கும் தேன்சிட்டைத் தேடினால் இலையும் வானமும்தான் மாறி மாறி வரும்.

விசேஷத்துக்கு இரண்டுமே வேண்டாம். மண்டப வெளிச்சத்தில் இந்தச் சின்ன சென்சாரைவிட உங்கள் போனே நன்றாக எடுக்கும்.

பானசோனிக் எஃப்இசட்80 60 எக்ஸ், சோனி எச்எக்ஸ்400வி 50 எக்ஸ். பானசோனிக் அதிக தூரம் போகும்தானே? – சேலம் வாசகர்

இல்லை. எக்ஸ் என்பது ஜூம் தொடங்கும் இடத்திலிருந்து எத்தனை மடங்கு போகிறது என்பதுதான். 20 மி.மீ.யில் தொடங்கி 60 மடங்கு, 24-இல் தொடங்கி 50 மடங்கு. இரண்டும் 1200-தான்.

நல்ல கேமராவாக ஒன்று சொல்லுங்கள். அவசரம். – ஊர் எழுதாதவர்

எதை எடுக்க, எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில், கையில் எவ்வளவு பணம்? நான்கில் ஒன்றைக்கூட எழுதவில்லை. அந்த நான்கையும் எழுதி மறுபடி அனுப்புங்கள். இப்படி வரும் கடிதங்களுக்கு இனி பதில் வராது.

பி1000 125 எக்ஸ், பி950 83 எக்ஸ். வாங்குவது என்று ஆன பிறகு பெரியதையே வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே? வேதாரண்யம் பக்கம் சொந்த ஊர், பூநாரை எடுக்க ஆசை. – தஞ்சாவூர் வாசகர்

இந்த எக்ஸ் பைத்தியம் தெளியும்வரை நானும் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

முதலில் கணக்கு. 3000, 2000 என்பதெல்லாம் ஃபுல் பிரேம் கேமராவோடு (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) ஒப்பிட்டுச் சொல்லும் எண்கள். பி1000-இன் உண்மையான குவியத் தூரம் 540 மி.மீ. அளவு, கடைசி முனையில் எஃப்/8. குவியத் தூரத்தை அந்த எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாயின் விட்டம் 67 மி.மீ. பி950-க்கு 357 மி.மீ., எஃப்/6.5, ஆக 55 மி.மீ. தூரத்துப் பறவையின் இறகு பிரிந்து தெரிவதைத் தீர்மானிப்பது முதலில் இந்த விட்டம்தான். படம் ஒன்றரை மடங்கு பெரிதாகிறது, நுணுக்கமோ ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. மீதியெல்லாம் வெறும் உப்பல். அதோடு ஒளியும் குறைகிறது: பி950 1/500 நொடியில் எடுப்பதை பி1000 1/320-இல் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, ஏற்ற வேண்டும். இந்தச் சென்சாரில் ஐஎஸ்ஓ 400-ஐத் தாண்டினாலே இறகு மெழுகாகிவிடும்.

இனி காற்று. உங்கள் ஊர்ப் பக்கம் கோடியக்கரை உப்பளத்தில் பதினொரு மணிக்கு அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கும் பூநாரைக் கூட்டத்தை எடுத்துப் பாருங்கள். கால்கள் நேராக இருக்காது, நெளிந்து நெளிந்து இருக்கும். கண்ணும் அலகும் கரைந்திருக்கும். அடுத்தடுத்து பத்துப் படம் எடுத்தால் பத்திலும் கழுத்து வேறு வேறு வடிவம். சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைக்கிறது. அதை எந்த லென்ஸும் சரி செய்யாது, ஜூம் கூடினால் நெளிவும் சேர்ந்து பெரிதாகும். படம் எடுத்தவர் "ஃபோகஸ் சரியில்லை" என்று கேமராவைச் சர்வீஸுக்குக் கொடுக்கிறார். அங்கே கோளாறு எதுவும் இல்லை என்று திருப்பித் தருகிறார்கள். பிறகு எனக்குக் கடிதம்.

கடைகளிலும் இதே கதைதான். நடுப்பகலில் வாசலில் நின்று நாலு தெரு தள்ளி இருக்கும் விளம்பரப் பலகையை முழு ஜூமில் எடுத்துக் காட்டுகிறார்கள். எழுத்துப் பெரிதாக வந்தால் வாடிக்கையாளர் மயங்கிப் பணத்தை நீட்டுகிறார். அதை வைத்து எந்த இரண்டு கேமராவையும் ஒப்பிட முடியாது. ஒப்பிட வேண்டுமானால் முப்பது மீட்டரில் அச்சடித்த தாள் ஒன்றை ஒட்டி, வெயில் ஏறுமுன், டிஜிட்டல் ஜூமை அணைத்துவிட்டு, இரண்டு கேமராவிலும் ஒரே ஐஎஸ்ஓவில் எடுங்கள். பெரிய திரையில் இரண்டு படத்திலும் எழுத்தை ஒரே அளவில் வைத்துப் பாருங்கள். கேமரா இரவல் கிடைத்தால் ஒரு காலை நேரம் போதும்.

பி1000 யாருக்கு? முக்காலியில் வைத்து நிலா, துறைமுகத்துக் கப்பல் எடுப்பவருக்கு. அது ஒன்றேகால் கிலோவுக்கு மேல், கையில் பிடித்துப் பறவையைத் தொடர்வது சிரமம். 2025-இல் வந்த பி1100-இலும் அதே லென்ஸ்தான், யுஎஸ்பி-சி வந்திருக்கிறது. இரண்டில் மலிவாகக் கிடைப்பதை வாங்கலாம். பூநாரைக்கு பி950 போதும். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள்.

பழைய பி900 நல்ல விலைக்கு வருகிறது. வாங்கலாமா? – ஈரோடு வாசகர்

ஜூம் பி950-க்குச் சமம், ஆனால் ரா ஃபைல் கிடையாது, வியூஃபைண்டரும் மங்கல். மிக மலிவு என்றால் வாங்குங்கள். ஜூமை முழுக்க நீட்டிச் சுருக்கும்போது நறநறவென்று சத்தம் வந்தால் மணல் புகுந்திருக்கிறது, தொடாதீர்கள்.

என் போனே 100 எக்ஸ் போகிறது. தனியாகக் கேமரா எதற்கு? – கோவை வாசகர்

கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசி லென்ஸ் 10 எக்ஸ், அதாவது 230 மி.மீ. அதற்கு மேல் எல்லாம் டிஜிட்டல், படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்கி மென்பொருள் மெழுகுகிறது. நிலா எடுத்துப் பார்த்துவிட்டு எழுதாதீர்கள், நிலாவுக்கு அந்தப் போன்கள் தனிப் பயிற்சி பெற்றவை. மரத்தில் இருக்கும் பனங்காடையை எடுத்துவிட்டு எழுதுங்கள். கேமராவிலும் டிஜிட்டல் ஜூமை அணைத்து வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பி950-இல் நிலா வெள்ளைத் தட்டாக வருகிறது. – புதுச்சேரி வாசகர்

ஆட்டோவை விடுங்கள். நிலா வெயிலில் கிடக்கும் பாறை, இருட்டில் இருக்கும் பொருள் அல்ல. மேனுவலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/6.5, 1/250. பிறை என்றால் ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள். முக்காலியில் வைத்தால் விஆரை (கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி) அணைத்து, இரண்டு நொடி டைமர் போடுங்கள். பள்ளங்கள் வேண்டுமானால் முழுநிலாவில் எடுக்காதீர்கள். அரைநிலாவில் பக்கவாட்டு வெளிச்சம் விழுந்து நிழலோடு தெரியும். நிலா உச்சிக்கு வரட்டும், அடிவானத்தில் மறுபடி அதே காற்றுத் தொல்லை.

சூரியனை எடுக்கலாமா? – அதே வாசகர்

லென்ஸின் முன்னால் சூரியனுக்கான தனி ஃபில்டர் மாட்டாமல் கூடாது. கேமரா போய்விடும். பழைய எக்ஸ்ரே தாள், கறுப்புக் கண்ணாடி எதுவும் ஈடாகாது.

சோனி ஆர்எக்ஸ்10 எம்4 வெறும் 600 மி.மீ.தான். பி950-ஐவிட ஏன் இவ்வளவு விலை? – சென்னை வாசகர்

அதன் சென்சார் ஒரு அங்குல வகை, பரப்பில் நாலு மடங்கு. கடைசி முனையில் எஃப்/4. முன்னே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: உண்மையான குவியத் தூரம் 220-ஐ நான்கால் வகுத்தால் 55 மி.மீ. பி950-இன் விட்டமேதான்! எண் 600 என்பதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை. அதோடு பேஸ் டிடெக்ட் ஃபோகஸ் (நகரும் பறவையை வேகமாகப் பிடிக்கும் முறை), நொடிக்கு 24 படம். வேடந்தாங்கலில் கூடு திரும்பும் கூழைக்கடாவைப் பறக்கும்போது எடுக்க, மாலை மங்கலில் எடுக்க இதுதான். கிளையில் உட்கார்ந்திருப்பதை மட்டும் எடுப்பவர் இவ்வளவு கொடுக்கத் தேவையில்லை. பழையது வாங்கினால் எம்3-ஐ எம்4 என்று தலையில் கட்டுவார்கள், எம்3-இல் அந்த ஃபோகஸ் கிடையாது.

பாதுகாப்புக்கு யுவி ஃபில்டர்? – இருவர் கேட்டிருக்கிறார்கள்

மலிவானது படத்தைக் கெடுக்கும். லென்ஸின் முன்னால் மாட்டும் வளையமான ஹுட் மாட்டுங்கள்.

படங்களில் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி. லென்ஸைத் துடைத்தும் போகவில்லை. – தூத்துக்குடி வாசகர்

சென்சாரில் தூசி. லென்ஸ் நீளும்போதெல்லாம் உள்ளே காற்று இழுக்கிறது, அதோடு தூசியும் போகிறது. கழற்ற முடியாத லென்ஸ் என்பதால் வீட்டில் எதுவும் செய்ய முடியாது, சர்வீஸ்தான். ஊசி, ஊதுபம்பு என்று முயலாதீர்கள். சரி செய்த பிறகு, கடற்கரையில் காற்று வீசும்போது ஜூமை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் வைத்தால் அடுத்த கடிதம் பூஞ்சையைப் பற்றி இருக்கும்.