தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குக் கணினி சொல்லித்தர எங்கிருந்து தொடங்கலாம்?

மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் கணினிப் பாடம் எடுக்கப் போவதாகவும், முதலில் எதைச் சொல்லித்தருவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். சில வருடங்களாக இதே வயதுப் பிள்ளைகளுக்குத்தான் எடுக்கிறேன். மானிட்டர், கீபோர்டு என்று பாகங்களின் பெயரை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அது தானாக வந்துவிடும். முதல் இரண்டு வாரம் கணினியைப் போடவே வேண்டாம்.

ஐந்து அட்டைகளில் 16, 8, 4, 2, 1 என்று புள்ளிகள் வைத்து, ஐந்து பிள்ளைகளை அந்த வரிசையிலேயே நிற்க வையுங்கள். "13 வேணும்" என்றால் யார் அட்டையைக் காட்டுவது, யார் திருப்பிக்கொள்வது என்று அவர்களே பேசி முடித்துவிடுவார்கள். 31 வரை எல்லா எண்ணும் வரும். 32 கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் திணறிவிட்டு, "இன்னொரு ஆள் வேணும் டீச்சர்" என்பார்கள். காட்டினால் 1, திருப்பினால் 0 என்று இரண்டே இலக்கத்தில் எழுதுவதுதான் இரும எண்; அந்தப் பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

ஐந்தாம் வகுப்புக்கு ஆமை: நாம் கொடுக்கும் கட்டளைப்படி திரையில் நகர்ந்து, போகும் வழியில் கோடு போடும் சின்ன உருவம். சீமோர் பேப்பர்ட்டும் சிந்தியா சாலமன் போன்றவர்களும் 1967-இல் குழந்தைகளுக்கென்றே உருவாக்கிய லோகோ என்ற கணினி மொழியோடு சேர்ந்து வளர்ந்தது அது. 'முன்னே 100, வலது 90' என்று நான்கு முறை சொன்னால் ஆமை சதுரம் போட்டுவிடும். முக்கோணத்தில்தான் விஷயமே இருக்கிறது. என் வகுப்பில் ஒரு பெண் கணக்குப் பாடத்தில் படித்தபடி 60 என்று கொடுத்தாள். மூன்று கோடு போட்டும் உருவம் மூடவில்லை, பாதி அறுகோணமாக நின்றது. முன்பெல்லாம் நானே மௌஸை வாங்கித் திருத்திவிடுவேன். அன்று, "நீயே ஆமையா நடந்து பாரேன்" என்றேன். தரையில் சாக்பீஸால் முக்கோணம் வரைந்து அதன்மேல் நடந்தாள். மூலையில் நின்று உடம்பைத் திருப்பியவள், "இவ்வளவு திரும்பணுமா!" என்று ஓடிப்போய் 120 அடித்தாள். உள்கோணம் வேறு, திரும்பும் கோணம் வேறு என்று நான் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருந்தாலும் இப்படிப் பதிந்திருக்காது.

மூன்றாம் வகுப்புக்கு, கட்டளைக் கட்டங்களை மௌஸால் இழுத்து அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் சரியாக இருக்கும், இலவசம்தான். இன்னும் படிக்கவே வராத சின்னவர்களுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர். அதில் கட்டளைகள் படங்களாகவே இருக்கும்.

ஒரு கணினிக்கு இரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் மௌஸைப் பிடிக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் வேகமான பிள்ளையின் கையிலேயே மௌஸ் தங்கிவிடும்.