செக்கிங் தெரிந்தவருக்குச் செல்போன் எதற்கு?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஒரு மாதம் போல் இன்னொரு மாதம் வருமானம் இருப்பதில்லை. நான் எக்ஸ்போர்ட் கார்மென்ட்ஸில் ஆறு வருடம், தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை பார்த்துவிட்டு, இரண்டாவது குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டேன். சீட்டு எடுத்ததில் 25,000 ரூபாய் கையில் இருக்கிறது. பழைய சாமான், தள்ளுபடிச் சரக்கு வாங்கி விற்கலாம் என்று ஆசை. தெரிந்த பையன் ஒருவன் பில், பாக்ஸ் இல்லாத செல்போன்களைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறான். நாத்தனார், தேதி முடியப்போகும் ஷாம்பு, கிரீம் மொத்தமாகக் கிடைக்கும் என்கிறார். கொழுந்தனார், 'தண்டல் வாங்கிப் பெரிசா செய்ங்க அண்ணி' என்கிறார். மாமியாரோ, பழசு விற்பது நமக்குக் கேவலம் என்கிறார். எதில் இறங்கலாம், சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தண்டையார்பேட்டை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆறு வருடம் செக்கிங். வாங்கி விற்கும் தொழிலில் லாபமோ நஷ்டமோ, வாங்குகிற இடத்திலேயே பாதி முடிவாகிவிடும். பொருளைக் கையில் எடுத்ததும் இது தேறும், இது தேறாது என்று சொல்லத் தெரிய வேண்டும். செல்போனைப் பார்த்து உங்களால் அப்படிச் சொல்ல முடியாது, ஷாம்பு பாட்டிலைப் பார்த்தும் முடியாது. துணியைப் பார்த்துச் சொல்ல முடியும். அதனால் துணியில் இறங்குங்கள், முக்கியமாகக் குழந்தைகள் துணியில்.

முதலில் அந்தச் செல்போன் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். பில்லும் இல்லாமல், பாக்ஸும் இல்லாமல், பாதி விலைக்கு ஒரே ஆளிடமிருந்து தொடர்ந்து போன் வருகிறதென்றால் அது எங்கிருந்து வருகிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் 317ஆவது பிரிவு திருட்டுப் பொருளை வாங்குவது பற்றியது. மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் மட்டும்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் வாங்கினாலே குற்றம்தான். பில் இல்லாத பாதி விலைப் போனுக்கு 'எனக்குத் தெரியாது சார்' என்று ஸ்டேஷனில் சொல்லிப் பயனில்லை. வீட்டு உபயோகத்துக்கே பழைய போன் வாங்கினாலும், அதில் *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண்ணை, கேஒய்எம் என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு அடித்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, அது முடக்கப்பட்ட போனா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

ஷாம்பு, கிரீமும் வேண்டாம். தேதி முடிய ஒரு மாதம் இருக்கும் சரக்கை விற்க உங்களுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. அதற்குள் பாதிதான் போகும், மீதியைக் குப்பையில்தான் போட வேண்டும். யாராவது ஒரு பெண்ணுக்கு முகத்தில் தடிப்பு வந்தால், கம்பெனியைத் தேடிப் போக மாட்டாள், உங்கள் வாசலுக்குத்தான் வருவாள்.

இனி துணி. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், செகண்ட்ஸ் சரக்கு எப்படி வெளியே வருகிறது என்பதை நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியவரல்ல நீங்கள். ஆர்டர் ரத்தான சரக்கும், ஷேடு, அதாவது நிறச் சாயல் மாறியதும், அளவு தப்பியதும், எண்ணெய்க் கறை பட்டதும், ஊசி ஓட்டை விழுந்ததும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு 'லாட்' என்ற பெயரில் விலைக்கு வரும். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் இதைக் கைமாற்றி விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், உங்கள் பழைய கம்பெனித் தோழிகளைக் கேட்டாலே வழி கிடைக்கும். மூட்டையின் மேலே கண்ணுக்கு அழகான பீஸ்களைத்தான் வைத்திருப்பார்கள். நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் பத்துப் பதினைந்து உருவச் சொல்லுங்கள். உருவ விடமாட்டேன் என்றால் அந்த மூட்டை வேண்டாம்.

உருவியதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ஷேடு கொஞ்சம் மாறியிருந்தால் வாங்குகிற அம்மாவுக்கு அது பெரிதாகத் தெரியாது, தாராளமாக எடுக்கலாம். எண்ணெய்க் கறை இருந்தால் அது எந்த இடத்தில் என்று பாருங்கள். மார்புப் பக்கம் என்றால் விடுங்கள், ஓரத்தில் என்றால் எடுக்கலாம். பனியன் துணியில் ஊசி ஓட்டை இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். இன்று குண்டூசி முனை அளவு இருப்பது, இரண்டு தரம் துவைத்தால் விரல் நுழைகிற அளவுக்குப் பெரிதாகிவிடும். கைக்குழித் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். பச்சைக் குழந்தை உடுப்பாக இருந்தால் ஒவ்வொரு அழுத்துப் பொத்தானையும் திருகி இழுத்துப் பாருங்கள். ஒன்று கழன்றாலும் அந்தப் பீஸை விற்கவே கூடாது, அது குழந்தையின் வாய்க்குள் போகிற பொருள். ஒரே சைஸ் குவிந்திருக்கும் லாட்டும் ஆகாது. இரண்டு வயதுச் சட்டையே எண்பது இருந்தால் உங்கள் தெருவில் அத்தனை இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எங்கே போவீர்கள்?

பெரிய வெளிநாட்டுக் கம்பெனியின் லேபிள் பளபளவென்று முழுசாக இருந்து, விலை மட்டும் நூறு ரூபாய் என்றால் கை வைக்காதீர்கள். கம்பெனியிலிருந்து வெளியே போகும் சர்ப்ளஸில் பெரும்பாலும் லேபிளை வெட்டித்தானே அனுப்புவார்கள்? முழு லேபிளோடு வருவது போலியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். போலி முத்திரைச் சரக்கை விற்றால் 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை உண்டு.

கணக்கு எப்படி வரும் என்று பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, பீஸ் 70 ரூபாய் வீதம் நூறு பீஸ் எடுக்கிறீர்கள். 7,000 ஆயிற்று. ஆட்டோ, கவர், பொத்தான், நூல் எல்லாம் சேர்த்து 500. மொத்தம் 7,500. பிரித்துப் பார்த்தால் 60 நல்ல பீஸ், 25 சின்னத் தையல் போட்டால் சரியாவது, 15 தேறாதது என்று வைத்துக்கொள்வோம். நல்லதை 150க்கும், தைத்ததை 100க்கும் கொடுத்து, தேறாததைத் துடைக்கிற துணியாக 20 ரூபாய்க்குத் தள்ளினால் கைக்கு 11,800 வரும். ஆக லாபம் 4,300 என்று காகிதம் சொல்லும். அப்புறம்தான் நிஜக் கணக்கு. பத்துப் பீஸ் போகாமல் கிடக்கும். நாலு பேர் 'அடுத்த வாரம் தரேன் அக்கா' என்பார்கள். 2,500 நின்றால் நல்ல லாட் என்று சொல்வேன். அந்த 2,500க்கு நீங்கள் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து தைத்தீர்கள், எத்தனை முறை படியேறி இறங்கினீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு லாட் முடிந்ததும் அந்த நோட்டைப் பார்த்தால், இதைத் தொடரலாமா, பீஸ் ரேட்டுக்குத் தைத்தாலே மேலா என்பது விளங்கிவிடும். தைப்பதே மேல் என்று தெரிந்தால் விட்டுவிடுவதில் தப்பே இல்லை.

விலை வைக்கும் முன் துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டில் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அந்தக் கடைகளும் பிளாட்பார விலையும் அத்துப்படி. அங்கே 180க்குக் கிடைப்பதை நீங்கள் 150க்குத் தந்தால்தான் உங்களிடம் வருவார்கள். குறையை மறைக்காதீர்கள். 'இந்தப் பாக்கெட் ஓரத்துல தையல் போட்டிருக்கேன், அதான் நூறு ரூபா' என்று நீங்களே விரித்துக் காட்டுங்கள். ஒரே தெருவில் வருடக்கணக்காக இருக்கப் போகிறவர் நீங்கள், ஒரு சட்டையில் ஐம்பது ரூபாய் கூடுதலாகப் பார்ப்பதற்காக ஒரு வீட்டையே இழக்கக் கூடாது.

தள்ளுபடிச் சரக்கிலும் வழி இருக்கிறது. ஆடித் தள்ளுபடியில் நைட்டி, உள்பாவாடை, துண்டு, லுங்கி, பெட்ஷீட் போன்றவற்றை எடுத்து வைத்துத் தீபாவளிக்கு விற்கலாம். இவை மாடல் மாறி வீணாகிற பொருள் அல்ல. சுடிதார், பார்ட்டி கவுன் வகையறா இரண்டு மாதத்தில் பழசாகிவிடும், அதில் பணத்தை முடக்காதீர்கள். அட்டையில் அச்சடித்த அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பொம்மை விற்க ஆசை வந்தால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம்.

உங்கள் பகுதிக்கென்று ஒரு காலண்டர் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டை நம்பிப் பிழைக்கிற வீடுகளில் அந்த இரண்டு மாதம் கையில் காசு புழங்காது. அதற்கு முன்பே பழைய பாக்கியை வசூலித்துவிட்டு, அந்த நேரத்தில் புதுக் கடன் கொடுப்பதைக் குறையுங்கள். அதே ஜூனில் பள்ளிக்கூடமும் திறக்கும் என்பதால் உள்ளாடை, சாக்ஸ், சாதாரண டிராயர் வகைகளுக்குத் தேவை இருக்கும், விலை குறைந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் கிறிஸ்துமஸுக்கும், மண்ணடி, வண்ணாரப்பேட்டை பக்கம் ரம்ஜானுக்கும் குழந்தைத் துணி நன்றாகப் போகும். தீபாவளியை மட்டும் நம்பி உட்கார வேண்டியதில்லை.

பழைய வீட்டுச் சாமான் விஷயத்தில், வீடு காலி செய்துகொண்டு போகிற தெரிந்த குடும்பத்திடமிருந்து மட்டும் எடுங்கள். மிக்ஸியை வெறும் ஜாரோடு ஓட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். ஊறவைத்த அரிசியைப் போட்டு ஒரு நிமிடம் அரையுங்கள். கருகிய வாசனை வந்தால் மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) போகப் போகிறது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினை நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் நம் பகுதியில் எத்தனை வீட்டுச் சாமான் மூழ்கியது என்பது உங்களுக்கே தெரியும். துடைத்து, பெயின்ட் அடித்தால் முன்பக்கம் புதிது போல இருக்கும். பின்பக்கம் திருப்பி, கம்ப்ரஸர் தட்டைப் பாருங்கள். மூலையில் காய்ந்த வண்டலும், ஒரே உயரம் வரை துருப்பிடித்த ஸ்க்ரூக்களும் இருந்தால் அது தண்ணீரில் நின்ற பெட்டி. அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், லேப்டாப் யார் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். குடும்பங்களின், பிள்ளைகளின் உபயோகத்துக்காகக் கொடுத்தவை அவை.

கொழுந்தனார் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் தண்டல் இந்தத் தொழிலுக்கு ஒத்தே வராது. பத்தாயிரம் என்று பேர், கைக்கு வருவது ஒன்பதாயிரம். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதால், வருடக் கணக்கில் பார்த்தால் வட்டி 75 சதவீதத்தைத் தாண்டிவிடும். இட்லிக் கடைக்காரருக்கு அன்றைய காசு அன்றே வரும், அவர் எப்படியோ கட்டிவிடுவார். உங்களுக்கு ஒரு வாரம் மூன்று பீஸ் போகும், பண்டிகை வாரத்தில் முப்பது போகும். வியாபாரம் இல்லாத நாளில் வீட்டுச் செலவிலிருந்து நூறு ரூபாய் எடுக்க வேண்டிவரும். வேண்டவே வேண்டாம். இருக்கிற 25,000லும் 10,000 மட்டும்தான் இதற்கு. மீதியை உங்கள் பெயரில் போஸ்ட் ஆபீஸில் போட்டுவிடுங்கள். முதல் லாட்டின் காசு திரும்பி வராமல் இரண்டாவது லாட் எடுக்காதீர்கள். இந்த அளவு வியாபாரத்துக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, தமிழ்நாட்டில் பொருள் விற்பனைக்கு வருடம் 40 லட்சம் வரை விலக்கு இருக்கிறது.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போடுகிறீர்கள் என்றால், டேப் வைத்து நீளம், மார்பளவு இரண்டையும் எழுதிப் போடுங்கள். வயதை மட்டும் போட்டால் பாதிச் சரக்கு திரும்பி வரும். தெரியாத எண்ணிலிருந்து யாராவது, 'மொத்தமா எடுத்துக்கறேன், பணம் வர இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க' என்றால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். தப்பித் தவறிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்க மீட்பது கடினம்.

மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். அவர் பயம் அக்கம்பக்கம் என்ன பேசும் என்பதுதான். ஆனால் இந்த ஊரில் பழசு விற்பது கேவலமாக இருந்ததே இல்லை. 1985இல் தீப்பிடித்து அழியும் வரை சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகத்திலிருந்து கிராமபோன் வரை வாங்க நகரமே போனது. 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பீச் ஸ்டேஷன் அருகே கடை போட்டுத்தான் பிள்ளைகளை ஆளாக்கினார்கள், இன்றும் அது பர்மா பஜார்தான். அவர் வயதில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் நேரில் பார்த்த கதை, நீங்கள் கேட்டால் அவரே உங்களுக்குச் சொல்லக்கூடும். முதல் மூட்டை வந்ததும் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பிரியுங்கள். பொத்தான் தைக்க இன்னொரு கை கிடைத்தால் உங்களுக்கும் உதவி. அந்த வேலைக்கு உண்டான பணத்தை அவர் கையிலேயே கொடுங்கள், வீட்டுச் செலவோடு சேர்த்துவிடாதீர்கள்.