நெறி கட்டி, தொண்டை புண்ணாகி, விடாமல் காயும் காய்ச்சல்: டாக்டர் பதில்கள்

மோனோநியூக்ளியோசிஸ், சுருக்கமாக மோனோ என்று சொல்லப்படும் காய்ச்சலைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். பழைய டாக்டர்கள் இதை கிளாண்டுலர் ஃபீவர் என்பார்கள். பொது மருத்துவனாக எனக்குத் தெரிந்ததற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். நேரில் பார்க்காமல் யாருக்கும் மருந்து எழுத மாட்டேன், அதை மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி (அம்பாசமுத்திரம், ஒரு தாயார்): ஐயா, என் மகனுக்கு 17 வயசு. பத்து நாளா காய்ச்சல். தொண்டையில வெள்ளையா படிஞ்சிருக்கு, எச்சி முழுங்க அழுதான். கழுத்துல ரெண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கு. அஸித்ரோமைசின் கொடுத்தாங்க, கேக்கல. அப்புறம் வைடால் பாத்துட்டு டைபாய்டுன்னு அஞ்சு நாள் ஊசி போட்டாங்க. அதுக்கும் விடல.

பதில்: அம்மா, பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் விடாத காய்ச்சல், வெள்ளை படிந்த டான்சில், கழுத்தில் நெறி, எழுந்திருக்க முடியாத அசதி எல்லாம் சேர்ந்து வந்தால் என் மனதில் முதலில் நிற்பது மோனோதான். எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸால் வருவது. நம் ஊர்ப் பக்கம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது சின்ன வயதிலேயே வந்து, சாதாரண சளிக்காய்ச்சல் போலப் போய்விடும். வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்போது தப்பித்துக் கொண்டவர்களுக்குப் பெரியவனான பிறகு வரும்போதுதான் இப்படிப் படுத்துகிறது.

தொண்டையில் பாக்டீரியா வந்தால் நெறி தாடைக்குக் கீழே, முன்பக்கம் கட்டும். மோனோவில் கழுத்தின் பின்பக்கம் வரைக்கும் வரிசையாகக் கட்டும். காலையில் எழும்போது கண் இமை வீங்கியிருக்கலாம். மேலண்ணத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி தெரியலாம். இவற்றைப் பாருங்கள். பிறகு ரத்த எண்ணிக்கை எடுக்கும்போது மெஷின் தரும் நம்பரோடு நிற்காமல் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் லிம்ஃபோசைட் என்ற வகை, அதிலும் உருமாறிய செல்கள் பத்து சதவீதத்துக்கு மேல் என்றால் சந்தேகம் வலுக்கிறது. மோனோவைக் காட்டும் மோனோஸ்பாட் என்ற ரத்த டெஸ்டும் கல்லீரல் டெஸ்டும் கூடச் செய்யலாம்.

வைடாலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். டைபாய்டு சாதாரணமாகப் புழங்கும் நாட்டில், நோயே இல்லாதவர்களுக்கும் அந்த டெஸ்டில் கொஞ்சம் அளவு காட்டும். டைபாய்டை உறுதிப்படுத்துவது ரத்தக் கல்ச்சர்தான். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

மோனோ உறுதியானால் செய்ய வேண்டியது குறைவு. ஓய்வு, கஞ்சி, மோர், இளநீர் என்று தண்ணீர்ச்சத்து, இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். உங்கள் மகன் வயதுக்கு 650 மில்லிகிராம் மாத்திரையை ஆறு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் போகாமல் கொடுக்கலாம். ஆஸ்பிரின் கூடாது. வைரஸுக்கு என்று ஏசைக்ளோவிர் எழுதுகிறவர்கள் உண்டு. அதனால் இந்த நோய் சீக்கிரம் குணமாவதில்லை. ஸ்டீராய்டு என்பது மூச்சுக்குழல் அடைக்கும் அளவு டான்சில் வீங்கினால், அல்லது ரத்த அணுக்கள் மோசமாக அழிந்தால் ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுப்பது.

எச்சிலே இறங்கவில்லை, மூச்சு இழுக்கும்போது சத்தம் வருகிறது என்றால் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள். வெள்ளைப் படிவு சாம்பல் நிறமாகத் தோல் போல ஒட்டியிருந்து, கழுத்தே வீங்கிப் பெருத்துவிட்டால் தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியாவை நினைக்க வேண்டும். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய டெட்டனஸ்-டிப்தீரியா (Td) ஊசி போட்டதா என்று கார்டை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி (களக்காடு, ஒரு தகப்பனார்): மகளுக்குத் தொண்டை வலின்னு அமாக்ஸிசிலின் வாங்கிக் கொடுத்தோம். ஆறாம் நாள் நெஞ்சு, முதுகு, கை எல்லாம் செக்கச்செவேல்னு பொரிஞ்சிட்டு. அம்மை இறங்கியிருக்குன்னு எங்க அம்மா வேப்பிலை கட்டி, மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இப்போ டாக்டர் பென்சிலின் அலர்ஜிங்கார்.

பதில்: மோனோ இருக்கும்போது அமாக்ஸிசிலினோ ஆம்பிசிலினோ கொடுத்தால் பலருக்கு இப்படித் தடிப்பு வரும். ஆரம்பித்து ஐந்து நாளிலிருந்து பத்து நாளுக்குள், தட்டம்மை போலவே தெரியும். மாத்திரையை நிறுத்தினால் தானே மங்கிவிடும். பாட்டி மாத்திரையை நிறுத்தச் சொன்னதால் நல்லதே நடந்தது, ஆனால் டாக்டரிடம் காட்டாமல் இருந்துவிடக் கூடாது. உதடு, கண், வாய்க்குள் கொப்புளம் கிளம்பினால் அது வேறு விஷயம், அவசரம்.

பெரும்பாலும் இது ஆயுசுக்கும் நிற்கும் பென்சிலின் அலர்ஜி இல்லை. மருந்து உள்ளே போன உடனே தோல் தடித்து அரிப்பது, உதடு வீங்குவது, மூச்சிரைப்பது, அதுதான் நாம் பயப்படும் அலர்ஜி. பிள்ளை குணமான பிறகு அலர்ஜி பார்க்கும் டாக்டரிடம் காட்டி, அந்தப் பட்டத்தை எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பென்சிலின் வகை முழுவதையும் ஒரு பிள்ளைக்குக் காலத்துக்கும் மூடிவிடுவது சின்ன நஷ்டம் இல்லை.

தொண்டை வலி என்றதும் மருந்துக் கடையில் ஆண்டிபயாட்டிக் கேட்டு வாங்குவதை நிறுத்துங்கள். இதைத் தயவாகவே கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (வள்ளியூர்): காய்ச்சல் வந்து மூணாம் நாள் மோனோஸ்பாட் எடுத்தோம், நெகட்டிவ். அப்போ மோனோ இல்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. முதல் வாரத்தில் நோய் உள்ளவர்களிலேயே நாலில் ஒருவருக்கு நெகட்டிவாக வரும். ஒரு வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள், அல்லது வி.சி.ஏ. ஐ.ஜி.எம்., அதாவது இந்த வைரஸுக்கு எதிராகப் புதிதாக உண்டாகும் எதிர்ப்பொருளைப் பாருங்கள். நாலு வயதுக்குக் கீழே மோனோஸ்பாட்டை நம்பவே வேண்டாம். பெரியவர்களுக்குத் திரும்பத் திரும்ப நெகட்டிவ் என்றால் இதே போலக் காய்ச்சல் தரும் சைட்டோமெகலோ வைரஸ், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, அப்புறம் எச்.ஐ.வி.யின் ஆரம்பக் காய்ச்சல், இவற்றையும் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. டெஸ்டுக்குக் கூச்சப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள்.

கேள்வி (தென்காசி): ரிப்போர்ட்ல வி.சி.ஏ. ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ், ஈ.பி.என்.ஏ. பாசிட்டிவ், ஐ.ஜி.எம். நெகட்டிவ். வைரஸ் ரத்தத்துல இருக்கா?

பதில்: ஐ.ஜி.ஜி.யும் ஈ.பி.என்.ஏ.யும் பழைய எதிர்ப்பொருள்கள், எப்போதோ வந்து போனதன் அடையாளம். இப்போதைய காய்ச்சலுக்கு அது காரணம் இல்லை. வேறு காரணம் தேடுங்கள்.

கேள்வி (பேட்டை, 24 வயது இளைஞர்): எனக்கு நிச்சயம் முடிஞ்சிருக்கு. டாக்டர் இதை முத்தக் காய்ச்சல்னு சொன்னது பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சு ஒரே பேச்சா இருக்கு.

பதில்: தம்பி, இந்தப் பதிலை அப்படியே அவர்களிடம் காட்டுங்கள். வைரஸ் எச்சில் வழியாகப் பரவும். முத்தமும் எச்சில், ஒருவர் வாய் வைத்துக் குடித்த பாட்டிலில் இன்னொருவர் குடிப்பதும் எச்சில், பிள்ளை மிச்சம் வைத்ததைத் தின்பதும் எச்சில். உள்ளே போன பிறகு நோய் தலைகாட்ட நாலு முதல் ஆறு வாரம் ஆகும். வந்து போன பிறகும் மாதக்கணக்கில் எச்சிலில் இருக்கும், அப்புறமும் அவ்வப்போது வெளியே வரும். உலகத்தில் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமப்பவர்கள், பொண்ணு வீட்டுக்காரர்களும் அநேகமாக அதில் சேர்த்திதான். யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு மனிதனின் நடத்தையை இதை வைத்து அளப்பது அநியாயம்.

கேள்வி (சேரன்மகாதேவி): தங்கச்சிக்கு பிளேட்லெட் 1,10,000. டெங்குன்னு பயமா இருக்கு. நெறியும் இருக்கு.

பதில்: மோனோவிலும் பிளேட்லெட் கொஞ்சம் இறங்கும், டெங்குவிலும் உருமாறிய லிம்ஃபோசைட் தெரியும். அதனால் மழைக்காலம் முடிந்த இந்த நேரத்தில் டெங்குவை விட்டுவிட்டு நான் மோனோ பேச மாட்டேன். காய்ச்சலின் முதல் ஐந்து நாள் என்றால் என்.எஸ்.1 என்ற டெங்கு டெஸ்ட், அதற்கு மேல் என்றால் டெங்கு ஐ.ஜி.எம். எடுங்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்னால் சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கிறதா என்று உடம்பு முழுக்கத் தேடுங்கள். இருந்தால் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற பூச்சிக்கடிக் காய்ச்சல். அதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற நல்ல மருந்து இருக்கிறது, தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி (சங்கரன்கோவில் பக்கம், கபடி கோச்): அண்ணாச்சி, எங்க ரைடருக்கு மோனோன்னு சொல்லிட்டாவ. பன்னிரண்டு நாள் ஆச்சு, காய்ச்சல் விட்டுட்டு, பையன் நல்லா ஓடுதான். அடுத்த வாரம் பொங்கல் ஆட்டம். இறக்கலாமா?

பதில்: கூடாது. இந்த நோயில் பாதிப் பேருக்கு மண்ணீரல் வீங்குகிறது. இடது விலாவுக்கு அடியில் பத்திரமாக இருக்க வேண்டியது, வீங்கி எலும்புக்குக் கீழே இறங்கி வந்துவிடும். அதில் ஒரு முட்டி பட்டால் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். ஆயிரத்தில் சிலருக்குத்தான் நடக்கும். ஆனால் நடந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு முதல் மூன்று வாரத்துக்குள் நடந்திருக்கிறது. உங்கள் ஆட்டம் சரியாக அந்த வாரத்தில் விழுகிறது.

அதே கோச்: ஸ்கேன் பாத்தாச்சு அண்ணாச்சி. 13 சென்டிமீட்டர், கொஞ்சம்தான் கூடன்னு போட்டிருக்கு. டாக்டர் வயித்தை அமுக்கிப் பாத்து ஒண்ணும் தட்டுப்படலன்னும் சொன்னார்.

பதில்: கைக்குத் தட்டுப்படாமலே மண்ணீரல் வீங்கியிருக்கும், அது அடிக்கடி நடப்பது. ஸ்கேனிலும், நோய்க்கு முன்னால் அந்தப் பையனுக்கு எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் 13 என்ற ஒரு நம்பரை வைத்து என்ன சொல்ல முடியும்? உயரமான பையனுக்கு இயல்பே பெரிதாக இருக்கும், குள்ளமானவனுக்கு 13 நல்ல வீக்கம். நாள்தான் இதில் நம்பகமான கணக்கு.

இன்னொருவர் (ஆலங்குளம், பழைய ஆட்டக்காரர்): நாங்க காய்ச்சலோடயே பாடிப் போனவங்க. ரைடு விடாம கார்னர்ல நிப்பாட்டலாமே? வயித்துக்கு பெல்ட் கட்டிவிட்டா போச்சு.

பதில்: அண்ணாச்சி, கார்னரில் நிற்பவன் என்ன செய்வான்? குனிந்து கணுக்காலைப் பிடிப்பான். எதிராளி உதறும்போது முட்டி எங்கே வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே நாலு பேர் விழுவார்கள். பெல்ட் கட்டினால் மண்ணீரல் உள்ளே போகாது. நீங்கள் காய்ச்சலோடு ஆடியது உண்மையாக இருக்கலாம், அது எந்தக் காய்ச்சல் என்று யாருக்குத் தெரியும்? அடியே படாமல், இருமும்போதும் முக்கும்போதும் கிழிந்ததும் உண்டு. அதனால் இளவட்டக்கல் தூக்குவது, மூட்டை சுமப்பது, ஜிம், சப்பரம் தோள் கொடுப்பது எதுவும் வேண்டாம்.

ஒரு தாயார் (முக்கூடல்): கோச் தம்பி, கோப்பை அடுத்த வருசமும் வரும். அந்தப் பிள்ளைய வீட்டுல விடுங்க.

அதே கோச்: அவன் இல்லாம டீமே இல்லக்கா. ஊரே காத்துக் கிடக்கு. அவனே ஆடுதேன்னு நிக்கான்.

பதில்: அவன் நிற்பான், பதினெட்டு வயதில் எல்லோரும் நிற்பார்கள். வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆள் அந்த மைதானத்தில் நீங்கள் ஒருவர்தான். உங்கள் சொல்லை அவன் கேட்பான், என் சொல்லைக் கேட்க மாட்டான். இடது பக்க மேல்வயிற்றில் திடீர் வலி, இடது தோள்பட்டையில் காரணமில்லாத வலி, தலைசுற்றல், வியர்த்துக் கொட்டுவது, இதில் எது வந்தாலும் சோடா கொடுத்து உட்கார வைக்காமல் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதை டீமில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

கேள்வி (சுரண்டை): தொண்டை வலிக்கு அஸித்ரோமைசின் மூணு நாள் போதுமா, அஞ்சு நாளா?

பதில்: முதல் இரண்டு பதில்களைப் படியுங்கள்.

கேள்வி (மேலப்பாளையம்): கண்ணு லேசா மஞ்சளா இருக்கு. கீழாநெல்லி குடிக்கலாமா?

பதில்: மோனோவில் கல்லீரல் டெஸ்ட் பெரும்பாலோருக்குக் கூடும், கண் மஞ்சளாவது சிலருக்கு. தானே இறங்கும். வாரம் ஒரு தடவை பார்த்தால் போதும். வீங்கியிருக்கும் கல்லீரலுக்கு மேலே எந்தப் பச்சிலையும் இப்போது வேண்டாம், சாராயமும் வேண்டாம்.

கேள்வி (பாளையங்கோட்டை, நர்சிங் மாணவி): சார், இது புற்றுநோய் உண்டாக்குற வைரஸ்னு படிச்சேன். மோனோ வந்தவங்க பயப்படணுமா?

பதில்: நல்ல கேள்வி, இதில் ஒரு அழகான வரலாறும் இருக்கிறது. உகாண்டாவில் பிள்ளைகளின் தாடையில் வரும் ஒரு கட்டியை டெனிஸ் பர்கிட் என்ற சர்ஜன் விவரித்தார். அந்தக் கட்டியின் செல்களுக்குள் 1964-ல் லண்டனில் ஆண்டனி எப்ஸ்டீன், பெர்ட் அச்சோங், இவோன் பார் மூவரும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இந்த வைரஸைக் கண்டார்கள். அது மோனோவுக்கும் காரணம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பிலடெல்பியாவில் ஹென்லே தம்பதியரின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் ரத்தத்தில் இந்த வைரஸுக்கு எதிர்ப்பொருளே இல்லாமல் இருந்தது. அவருக்கு மோனோ வந்து போன பிறகு பார்த்தால் எதிர்ப்பொருள் இருக்கிறது. அங்கிருந்து தொடர்ந்து 1968-ல் தொடர்பை வெளியிட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். லிம்ஃபோமா எனப்படும் நெறிப் புற்றுநோய்களில் சில, மூக்குத் தொண்டைப் புற்றுநோய், மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் என்ற நரம்பு நோய், இவற்றோடு இந்த வைரஸுக்குத் தொடர்பு உண்டு. ஆனால் உலகமே சுமக்கும் வைரஸ் இது, அந்த நோய்கள் வருவதோ மிகச் சிலருக்கு. மோனோ வந்தவர் அதற்காகப் பயந்து ஆண்டுதோறும் டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை. நெறி கரையாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

கேள்வி (கடையம், 58 வயது, வெற்றிலை புகையிலை போடுபவர்): கழுத்துல ஒரு பக்கம் மட்டும் கல்லு மாதிரி நெறி. மூணு மாசமா இருக்கு, வலி இல்ல.

பதில்: ஐயா, இது மோனோ கேள்வி இல்லை. இந்த வாரமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய், வாயையும் தொண்டையையும் பார்த்து ஊசி டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். தனியாகப் போகாமல் வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி (திசையன்விளை): ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ், ஐ.ஜி.எம். நெகட்டிவ், என்ன அர்த்தம்?

பதில்: மேலே தென்காசிக்காரருக்குச் சொன்னதுதான். காரணமில்லாமல் இந்த டெஸ்டை எடுத்துக் காசைக் கரைக்காதீர்கள்.

கேள்வி (நாங்குநேரி, பிளஸ் டூ மாணவி): காய்ச்சல் விட்டு ஒரு மாசம் ஆச்சு. புத்தகத்தைத் தொட்டாலே தூக்கம் வருது. வீட்டுல சோம்பேறின்னு ஏசுதாங்க.

பதில்: சோம்பேறித்தனம் இல்லை மகளே. அசதி பல வாரம் நிற்கும், சிலருக்கு மாதக்கணக்கில். படுத்தே கிடக்க வேண்டாம், ஒரேயடியாக ராத்திரி முழித்துப் படிக்கவும் வேண்டாம். அரை மணி படி, எழுந்து நட, மதியம் கொஞ்சம் தூங்கு, வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொள். ரத்தசோகையும் தைராய்டும் ஒரு தடவை பார்த்துவிடு. இதை அப்பா அம்மாவிடம் படித்துக் காட்டு.

கேள்வி (கபடி கோச், மறுபடி): சரி அண்ணாச்சி, பையனை உக்கார வச்சாச்சு. எப்போதான் இறக்க?

பதில்: நல்ல முடிவு, நன்றி தம்பி. நோய் ஆரம்பித்து மூன்று வாரம் முடிந்து, காய்ச்சலும் வலியும் இல்லாமல், அசதியும் குறைந்திருந்தால் நடையும் மெல்லோட்டமும் ஆரம்பிக்கலாம். பிடி, மோதல், பளு எல்லாம் குறைந்தது நாலு வாரம் முடிந்த பிறகு, டாக்டர் நேரில் பார்த்துச் சரி என்ற பிறகு. மண்ணீரல் பெரிதாக வீங்கிய பையன் என்றால் இன்னும் தள்ளிப்போடுங்கள். தண்ணீர் பாட்டிலை டீமில் ஆளுக்கு ஒன்றாக வைத்துவிடுங்கள், அல்லது எல்லோரையும் அண்ணாந்து குடிக்கப் பழக்குங்கள்.