விசாரணை அறையில் உளவியலாளருக்கு என்ன வேலை?

கேள்வி: கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோவில் கைதிகள் விசாரிக்கப்பட்டபோது, விசாரணை எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளவே உளவியலாளர்கள் உடனிருந்தார்கள் என்று படித்தேன். அப்படியானால் அது கைதிக்கு நன்மைதானே? அரசின் சட்டமும் அதை அனுமதித்ததே?
— உளவியல் முதுகலை மாணவி ஒருவர்

பதில்: கேட்பதற்கு நியாயமாக இருப்பதால்தான் இந்த வாதம் அவ்வளவு கேடு செய்தது. 2005-இல் அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த பணிக்குழு, விசாரணை பாதுகாப்பாகவும் சட்டத்துக்கு உட்பட்டும் நடக்க உளவியலாளர்கள் உதவலாம் என்றது. அக்குழுவில் பெரும்பாலோர் ராணுவத்தோடோ உளவுத்துறையோடோ தொடர்புடையவர்கள். அதன் உறுப்பினர்களில் ஒருவரான ஜீன் மரியா அரிகோ இதை வெளியே சொன்னபோது, அவருக்குப் பதில் சொல்வதை விட்டு அவரையே தாக்கிப் பேசினார்கள். அந்த நடத்தையை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் 2006-லேயே, தங்கள் உறுப்பினர்கள் விசாரணையில் நேரடியாகப் பங்கேற்கக் கூடாது என்று அறிவித்துவிட்டன.

ஆனாலும் மருத்துவத் துறை குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ-வின் ரகசியச் சிறைகளில் கைதியின் முகத்தைத் துணியால் மூடி, நீரூற்றி மூச்சுத் திணற வைத்தபோது மருத்துவப் பணியாளர்கள் அருகில் இருந்தார்கள். அவர்கள் கண்காணிக்கிறார்கள் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டித்தான், அம்முறைகள் சித்திரவதை ஆகா என்று 2005-இல் அமெரிக்க நீதி அமைச்சக வழக்கறிஞர்கள் எழுதினார்கள். காப்பவராகச் சொல்லப்பட்டவரின் இருப்பே வதைப்பதற்கான அனுமதிச் சீட்டாகிவிட்டது. சித்திரவதை நடக்கும் இடத்தில் மருத்துவர் உடனிருக்கவும் கூடாது என்று உலக மருத்துவச் சங்கத்தின் டோக்கியோ பிரகடனம் 1975-லேயே சொன்னதன் பொருள் இங்கே விளங்கும்.

சட்டத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் இதே வரலாற்றில் விடை இருக்கிறது. நெறிக்கும் சட்டத்துக்கும் முரண்பாடு தீராவிட்டால் சட்டத்தைப் பின்பற்றலாம் என்று உளவியல் சங்கத்தின் 2002-ஆம் ஆண்டு நெறித்தொகுப்பு இடமளித்தது; மனித உரிமை மீறலை நியாயப்படுத்த அந்த விதியைப் பயன்படுத்தக் கூடாது என்ற திருத்தம் 2010-இல்தான் வந்தது. சங்கப் பொறுப்பாளர்கள் சிலர் பாதுகாப்புத் துறை அதிகாரிகளோடு கைகோத்து நெறிகளைத் தளர்வாக வைத்திருந்தார்கள் என்று, சங்கமே நியமித்த வழக்கறிஞர் டேவிட் ஹாஃப்மன் 2015-இல் அறிக்கை தந்தார். அதில் பெயர் குறிப்பிடப்பட்ட சிலர் அதை மறுத்து வழக்கும் தொடுத்தார்கள். அறிக்கை வெளியான அடுத்த மாதமே சங்கத்தின் பேரவை, தேசப் பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலாளர் பங்கேற்பதை 157-க்கு 1 என்ற வாக்குகளில் தடை செய்தது. குவாண்டனாமோ போன்ற இடங்களில் கைதிக்காக நேரடியாகவோ, மனித உரிமைக்காக இயங்கும் சுயேச்சையான அமைப்புக்காகவோ பணியாற்றலாம். படைவீரர்களுக்குச் சிகிச்சை அளிக்கலாம். விசாரிப்பவருக்குத் துணை நிற்க மட்டும் இனி இடமில்லை.