டர்ட் பைக் ஏர் ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவலாமா? எப்போது புதிதாக மாற்ற வேண்டும்?

பெட்ரோலில் கழுவாதீர்கள். ஃபில்டரின் ஃபோம் (பஞ்சு போன்ற நுரை) துண்டுகளைச் சேர்த்து ஒட்டியிருக்கும் பசையைப் பெட்ரோல் இளக்கிவிடும், நாளடைவில் ஃபோமையும் கெடுக்கும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. ஆனால் எதில் கழுவுகிறோம் என்பதைவிட, கழுவிய பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் எஞ்சினைக் காப்பாற்றும்.

கோவைக்குத் தெற்கே செம்மண் தடங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவதற்காக, ஒருவர் ஓட்டிய கவாசாகி கேஎல்எக்ஸ் 140 ஒன்றை வாங்கினேன். ஃபில்டர் பளிச்சென்று இருந்தது. "இப்பதாங்க கழுவிப் போட்டோம்" என்றார்கள். கழுவியது உண்மைதான், எண்ணெய் போடவில்லை. அப்படி ஒன்று போட வேண்டும் என்பது அப்போது எனக்கும் தெரியாது. சில மாதங்களில் ஏற்றத்தில் இழுவை குறைந்தது, சைலன்சரில் நீலப் புகை வந்தது. எஞ்சினைப் பிரித்த மெக்கானிக், பிஸ்டனில் மேலிருந்து கீழாக ஓடிய கீறல்களைக் காட்டினார். பிறகு ஃபில்டர் உட்காரும் பெட்டியான ஏர் பாக்ஸிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனி சிவப்பாக இருந்தது. பிஸ்டன், ரிங், சிலிண்டர் எல்லாவற்றுக்கும் செலவு செய்தேன்.

காரணம் எளிமையானது. ஃபோமின் துளைகள் நுண்ணிய புழுதியைவிடப் பெரியவை. வளைந்து நெளிந்து உள்ளே போகும் காற்றிலுள்ள தூசியைப் பிடித்து நிறுத்துவது, அதில் ஊறியிருக்கும் பிசுபிசுப்பான எண்ணெய்தான். எண்ணெய் இல்லாத ஃபோம் வெறும் சல்லடை. 144 சிசி எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 லிட்டர் காற்றை இழுக்கும். முன்னால் போகிற வண்டி கிளப்பும் புழுதியில் அத்தனை காற்றையும் அது குடிக்கிறது. உள்ளே போகும் மண், எஞ்சின் ஆயிலோடு கலந்து, வால்வு உட்காரும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய மெக்கானிக்குகள் பூசும் பேஸ்ட்டைப் போலவே சிலிண்டரைத் தேய்க்கும்.

இப்போது நான் செய்வது இதுதான். ஏர் பாக்ஸைத் திறக்கும் முன்பே சுற்றியுள்ள மண்ணை ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். ஃபில்டரை ஆட்டாமல் எடுத்து, குழாயின் வாயைச் சுத்தமான துணியால் உடனே அடைப்பேன். நூல் பிரியாத துணியாக இருக்கட்டும், மாட்டும்போது அதை எடுக்க மறக்கவும் வேண்டாம். அடைப்பதற்கு முன் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். அதில் மண் ஒட்டினால், ஃபில்டர் கிழிந்திருக்கிறது, எண்ணெய் போதவில்லை, அல்லது விளிம்பு சரியாக உட்காரவில்லை.

கழுவுவதற்கு ஃபில்டர் கிளீனர் என்றே கடைகளில் கிடைக்கிறது. இல்லாவிட்டால் மண்ணெண்ணெயில் அமுக்கி அமுக்கிப் பழைய எண்ணெயை இளக்கலாம். அதன் பின் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து அலசுங்கள். தண்ணீரை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக விட வேண்டும். மாறிவிட்டால் வெளியே இருக்கும் அழுக்கு சுத்தமான பக்கத்துக்கு ஏறிவிடும். துணி பிழிவது போல முறுக்கினால் ஒட்டு பிரியும், உள்ளங்கையில் வைத்து அமுக்கினால் போதும். நிழலில் ஓர் இரவு முழுக்கக் காய விடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் அந்த இடத்தில் எண்ணெய் பிடிக்காது.

காய்ந்த ஃபோமை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஃபோம் ஃபில்டர் எண்ணெயை ஊற்றிப் பரோட்டா மாவு பிசைவது போலப் பிசைய வேண்டும். அந்த எண்ணெயில் பெரும்பாலும் நீலமோ சிவப்போ நிறம் சேர்த்திருப்பார்கள். ஃபோம் முழுக்க ஒரே நிறமாக வந்தால் சரி, வெளிறிய திட்டு தெரிந்தால் அங்கே எண்ணெய் போகவில்லை. மிஞ்சியதை அமுக்கி எடுத்துவிடுங்கள். சொட்டச் சொட்ட மாட்டினால் காற்று போகாமல் எஞ்சின் திணறும், பிளக் கறுக்கும். அரை மணி நேரம் வைத்த பிறகு மாட்டலாம். எஞ்சின் ஆயில் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது பிடித்து நிற்காமல் கீழே வடிந்து, ஃபில்டரின் மேல்பாதியை உலர்த்திவிடும். அவசரத்துக்கு ஒரு நாள் ஓட்டலாம், அவ்வளவுதான்.

விளிம்பில் மெல்லிசாக கிரீஸ் தடவி, சுற்றிலும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஓட்டிப் பார்த்த பிறகே திருகை முடுக்குங்கள். கூட்டமாகப் புழுதியில் ஓட்டினால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இதைச் செய்ய வேண்டும். மழை ஈரத்தில் தனியாக ஓட்டினால் இரண்டு மூன்று ஓட்டம் தாங்கும். எண்ணெய் போட்ட ஃபில்டர் ஒன்றை நான் ஜிப் கவரில் கூடுதலாக வைத்திருக்கிறேன், அதனால் ஓட்டம் முடிந்த களைப்பில் தள்ளிப்போடத் தோன்றுவதில்லை.

மாற்றுவதற்குக் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காதீர்கள். ஒட்டு பிரிந்தால், கிள்ளினால் உதிர்ந்தால், ஃபோமைத் தாங்கும் கூண்டின் மேல் தொளதொளவென்று நின்றால் புதிதாக வாங்கிவிடுங்கள். அதிகம் ஓடாத வண்டியிலும் பல வருடப் பழைய ஃபோம் உதிரும், அந்தத் துணுக்குகளை எஞ்சினே இழுத்துக்கொள்ளும். கிழிசலைத் தைப்பதும் ஒட்டுவதும் வேண்டாம். உங்கள் வண்டியில் இருப்பது மடிப்பு மடிப்பான காகித ஃபில்டர் என்றால் மேலே சொன்ன கழுவல் எதுவும் அதற்குப் பொருந்தாது. தண்ணீர் பட்டாலே போயிற்று, புதிதுதான் போட வேண்டும்.