மச்சிலிருந்து இறக்கிய தொட்டிலை இழைக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி. மகளுக்கு இப்போது ஏழு மாதம், தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான். எண்பது தாண்டிய என் மாமியார், மச்சில் கிடந்த பழைய பிள்ளைச் சாமான்களை இறக்கச் சொன்னார். பெயின்ட் அடிக்காத ஒரு மரத்தொட்டில், பச்சையும் மஞ்சளும் அடித்த நடைவண்டி, மாமனார் கொழும்பில் கடை வைத்திருந்தபோது கொண்டுவந்த பெரிய சக்கர வண்டி (பிள்ளையைப் படுக்க வைத்துத் தள்ளுவது), ஒரு பித்தளைப் பாலாடை. பழைய சாமான் வாங்கும் ஒருவர் வந்து பார்த்தார். தொட்டிலையும் நடைவண்டியையும் எங்கள் வீட்டு முற்றத்திலேயே இழைத்து, பாலிஷ் போட்டுத் தருகிறாராம். கூலி வேண்டாமாம், அந்தச் சக்கர வண்டியை மட்டும் கொடுத்தால் போதுமாம். சம்மதிக்கலாமா? இவற்றில் பிள்ளையைப் போடலாமா?

பதில்: சம்மதிக்க வேண்டாம். வண்டி போகிறதே என்பதற்காகச் சொல்லவில்லை, அதைப் பிறகு பார்ப்போம். ஏழு மாதக் கர்ப்பிணி இருக்கும் வீட்டு முற்றத்தில் வைத்துப் பழைய பெயின்டை இழைப்பதுதான் நீங்கள் எழுதியதிலேயே மிக ஆபத்தான காரியம். அவர் வர நாள் குறித்திருந்தால் இன்றைக்கே போன் பண்ணி நிறுத்திவிடுங்கள்.

பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்ப்பதே என் தொழில். மரம் பிள்ளையை ஒன்றும் செய்யாது. அதன் மேல் பூசியிருப்பதுதான் செய்யும்.

போன வருஷம் வீரவநல்லூரிலிருந்து ஒரு நடைவண்டி என் பட்டறைக்கு வந்தது. பிள்ளை பிடித்துக்கொண்டு நடக்குமே, அந்தக் குறுக்குக் கட்டையின் நடுவில் ஒரு விரல்கடை நீளத்துக்குப் பால்பல் தடம். பல் முளைக்கும்போது ஊறல் தாங்காமல் ஒரு பிள்ளை நின்றுகொண்டே கடித்திருக்கிறது. அந்தப் பள்ளத்தில் பார்த்தால் மேலே நீலம், அடியில் பச்சை, அதற்கும் அடியில் நல்ல மாம்பழ மஞ்சள், கடைசியாக மரம். மூன்று தலைமுறை, மூன்று பெயின்ட். கடித்தது எல்லாம் பிள்ளையின் வயிற்றுக்குள்தான் போயிருக்கும். வேறெங்கே போகும்?

பழைய எனாமல் பெயின்டுகளில் நிறம் பளிச்சென்று இருக்கவும் சீக்கிரம் காயவும் ஈயம் சேர்த்தார்கள். மஞ்சளிலும் ஆரஞ்சிலும் சிவப்பிலும் அதிகம். மஞ்சளையும் நீலத்தையும் கலந்தும் பச்சை செய்வார்கள் என்பதால் பச்சையையும் நம்ப முடியாது. ஈயம் என்றதும் உங்கள் மாமியார், "நாங்க ஈயச்சொம்புல ரசம் வச்சுக் குடிச்சு வளந்தவங்கதானே" என்பார்கள். என்னிடம் வரும் எல்லா ஆச்சிமாரும் இதைத்தான் சொல்கிறார்கள். அது வெள்ளீயம், கலப்படம் இல்லாவிட்டால் அதனால் கெடுதல் இல்லை. பெயின்டில் இருப்பது காரீயம். நாம் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. பெரியவர்கள் உடம்பு ஏற்றுக்கொள்வதைப் போல நான்கைந்து மடங்கு சின்னப் பிள்ளைகள் உடம்பு ஏற்றுக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணி உடம்பில் சேர்ந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பெயின்ட் மரத்தோடு ஒட்டிக் கிடக்கும்வரை அதன் ஆபத்து கடிக்கிற வாயோடு நிற்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மாவாகப் பறக்கும். முற்றத்தில் தேய்த்தால் திண்ணை, நடை, கொடியில் காயும் துணி என்று எல்லா இடத்திலும் படியும். ஒரு வாரம் பெருக்கினாலும் கல்லிடுக்கில் கிடக்கும். அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை தவழ்ந்து, கையைத் தரையில் வைத்து, அதே கையை வாயில் வைக்கும். ஆகவே நடைவண்டியைச் சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள், பெயின்டைத் தீயால் வாட்டவும் விடாதீர்கள். பழைய வேட்டியில் சுற்றிக் கட்டி ஓர் ஓரமாக வைத்துவிடுங்கள். மேலே புதுப் பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், அந்த வீரவநல்லூர்க் கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விலக்கைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், ஏனென்றால் நம் பக்கத்தில் இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். அம்பாசமுத்திரம் கடைசல் சாமான் என்றால் அதில் இருப்பது பெயின்ட் இல்லை, அரக்கு. கடைசல் பட்டறையில் மரம் சுழலும்போது நிறம் சேர்த்த அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஓலையால் அழுத்தித் தேய்த்து மினுக்கம் ஏற்றுவார்கள். சொப்புச் சாமான், கிலுகிலுப்பை, பழைய நடைவண்டிகளின் உருண்டைக் கால்கள் எல்லாம் இப்படிச் செய்தவைதான். அரக்கு பூச்சியிலிருந்து வருவது. சுத்தம் செய்த அரக்கை மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகவே பூசுகிறார்கள், பிள்ளை வாயில் வைத்தாலும் பயமில்லை. உங்கள் நடைவண்டியில் இருப்பது அரக்கா பெயின்டா என்று தெரிய, பஞ்சில் கொஞ்சம் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்து, கண்ணில் படாத அடிப்பக்கத்தில் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். இதை நீங்களே செய்யுங்கள், மகள் வேண்டாம். பூச்சு பிசுபிசுத்துப் பஞ்சில் நிறம் ஏறினால் அரக்கு. ஒன்றும் ஆகாவிட்டால் எனாமல். ஆனால் அரக்கு என்று தெரிந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். அரக்கு நல்லது, அதில் கலந்த நிறத்தைப் பற்றி இந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது. அந்த மஞ்சள் மஞ்சள் கிழங்கிலிருந்தும் வந்திருக்கலாம், கடையில் வாங்கிய காரீய மஞ்சள் பொடியாகவும் இருக்கலாம். போதாததற்கு, காலில் அரக்கும் கைப்பிடியில் பிற்பாடு அடித்த எனாமலுமாக ஒரே வண்டியில் இரண்டும் இருக்கும். அதனால் ஸ்பிரிட்டைக் கைப்பிடியிலும் தனியாக வைத்துப் பாருங்கள். பிள்ளை கடிப்பது அங்கேதான். நிறமே ஏற்றாத வெறும் அரக்கு என்றால் மட்டும் யோசிக்காமல் கொடுக்கலாம்.

இதையெல்லாம் நீங்கள் ஏன் பஞ்சும் கையுமாகச் செய்ய வேண்டியிருக்கிறது? சட்டம் இருக்கிறது. வீட்டு உபயோகப் பெயின்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பர் 1-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சரி, ஆனால் அது வீட்டுப் பெயின்டுக்கும் அலங்காரப் பெயின்டுக்கும் மட்டும்தான். மெஷினுக்கும் வண்டிக்கும் அடிக்கும் தொழில் பெயின்டை விதி தொடவில்லை. தெருமுனைப் பட்டறையில் பளபளப்புக்காக மிச்சம் கிடக்கும் அந்தப் பெயின்டைத்தான் எடுத்து நடைவண்டிக்கு அடிக்கிறார்கள். பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம், பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. கைவினைஞர்களைக் காப்பாற்றியது சரிதான், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அவர்களுக்குப் பாதுகாப்பான நிறப்பொடியைப் பக்கத்திலேயே கிடைக்கச் செய்து, செய்த சாமானைப் பக்கத்திலேயே சோதித்துத் தரவும் ஏற்பாடு செய்திருக்க வேண்டாமா? ஒருமுறை ஒரு தொட்டில் கம்பியின் பெயின்டைச் சோதிக்க அலைந்தேன். ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே போனால், தனி ஆளிடம் ஒற்றைப் பொருளை வாங்குவதில்லை, கம்பெனி லெட்டர் வேண்டும் என்றார்கள். பிள்ளை பெற்ற வீடு கம்பெனி லெட்டருக்கு எங்கே போகும்?

தொட்டிலுக்கு வருகிறேன். பெயின்ட் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. அப்படியானால் அதற்கு இழைப்பும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம். மச்சில் கிடந்த தொட்டில் என்றால் மூட்டைப்பூச்சிக்காக ஏதோ ஒரு காலத்தில் டிடிடி பவுடர் தூவியிருப்பார்கள், அது பொருத்துகளில் தங்கியிருக்கும். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, இடுக்கு இடுக்காக இரண்டு மூன்று முறை துடையுங்கள். நிழலில் காயவிட்டு, கடைசியாக ஒருநாள் வெயில் காட்டினால் போதும். அடியில் கறுப்புத் துணி விரித்து ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் துணியில் மாவு மாதிரி உதிர்ந்திருந்தால் உளு இன்னும் உள்ளே தின்றுகொண்டிருக்கிறது, அந்தத் தொட்டிலை இந்தப் பிள்ளைக்குப் பயன்படுத்தாதீர்கள். உளுவுக்கு மருந்து அடித்துவிட்டுப் பிள்ளையைப் போடுவது அதைவிட மோசம்.

கம்பிகளுக்கு நடுவே தையல் நாடாவை வைத்து அளந்து பாருங்கள். ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் பிள்ளையின் உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளும். பழைய தொட்டில்களில் பாதிக்கு மேல் இதில் தோற்றுப்போகும். நல்ல ஆசாரியிடம் கொடுத்தால் நடுவில் ஒவ்வொரு கம்பி கூடுதலாக வைத்துக் கொடுத்துவிடுவார், ஒருநாள் வேலை. அதற்காக உள்பக்கம் தலையணையைச் சொருகி அடைக்காதீர்கள். படுக்கை கெட்டியாக, தட்டையாக இருக்கட்டும்.

சங்கிலியில் தொங்கும் தொட்டில் என்றால் கொக்கியைக் கழற்றி, சங்கிலி உராயும் உள்வளைவைப் பாருங்கள். மற்ற இடத்தைவிட மெலிந்திருந்தால் புதிதாக மாற்றுங்கள், நூறு இருநூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. பிறகு 25 கிலோ அரிசி மூட்டையைத் தொட்டிலில் வைத்து அரைமணி நேரம் ஆட்டுங்கள். வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது என்று மாமியார் சொல்வார்கள், மூட்டை இருப்பதால் அந்தக் குறையும் இல்லை. காதைக் கொடுத்துக் கேளுங்கள். கிறீச்சென்றால் விளக்கெண்ணெய் போதும். டக் டக்கென்றால் ஏதோ ஒரு பொருத்து விட்டிருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் பிள்ளையைப் போடாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தால் பேர் சூட்டும் நாளில் தாராளமாகப் போடுங்கள். பிள்ளை குப்புற விழ ஆரம்பித்த அன்றைக்குத் தொட்டிலை நிறுத்திவிடுங்கள்.

பாலாடை வேண்டாம், உள்ளே வெள்ளையாகப் பூச்சு இருந்தால் இன்னும் வேண்டாம். பூசுபவர்களில் சிலர் விலை குறைய வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலக்கிறார்கள். சின்ன எவர்சில்வர் சங்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அந்தச் சக்கர வண்டி. அதில் பிள்ளையைப் போடவே கூடாது. ரப்பர் வெடித்திருக்கும், ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும், மெத்தைக்குள் நாரோ குதிரை முடியோ மக்கியிருக்கும், மேலே அடித்ததும் பழைய பெயின்ட்தான். பிள்ளையைக் கட்டிவைக்கப் பட்டையும் இருக்காது. ஓவன் மெக்லாரன் என்ற விமானப் பொறியாளர் 1965-ல் குடை மாதிரி மடக்கும் தள்ளுவண்டியை வடிவமைத்த பிறகு இந்தப் பெரிய வண்டிகள் இங்கிலாந்திலேயே ஒதுங்கிப்போயின. அதனால்தான் இன்றைக்குச் சேகரிப்பவர்கள் தேடி வருகிறார்கள். உங்கள் முற்றத்துக்கு வந்தவருக்கும் அது தெரியும்.

கூலி வேண்டாம், ஒரு சாமானை மட்டும் கொடுங்கள் என்பது பழைய தந்திரம். என் வாடிக்கையாளர் ஒருவர் ஊஞ்சல் பலகைக்குப் பாலிஷ் போட்டதற்கு ஈடாக ஒரு பழைய பிரம்புத் தொட்டிலைக் கொடுத்தார். பாலிஷ் ஆறு மாதத்தில் வெளுத்துவிட்டது. பிரம்புத் தொட்டிலை அடுத்த வருஷம் காரைக்குடிப் பக்கம் ஒரு கடையில் பார்த்தேன். 'விக்கிரமசிங்கபுரம் ஹார்வி மில் துரை வீட்டுத் தொட்டில்' என்று கதை சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிய அது மேலப்பாளையத்தில் முடைந்தது. வாங்கும்போது "இதையெல்லாம் யார் வாங்குவா" என்பார்கள், விற்கும்போது துரை வந்துவிடுவார். நீங்கள் விற்பதானால் வண்டியைத் துடைக்காமல், துருவைத் தேய்க்காமல், நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். சக்கரக் குடத்திலோ கைப்பிடியிலோ கம்பெனிப் பெயர் இருந்தால் அதையும் கிட்டத்தில் எடுங்கள். சம்பந்தமில்லாத மூன்று பேரிடம் விலை கேளுங்கள். மாமனார் கொழும்பிலிருந்து கொண்டுவந்த ரசீதோ, அந்த வண்டியில் பிள்ளையைப் படுக்கவைத்து எடுத்த போட்டோவோ வீட்டில் இருந்தால் விலை கூடும். ஆனால் மாமியாரைக் கேட்காமல் விற்காதீர்கள்.

நடைவண்டி மனசில் உறுத்திக்கொண்டே இருக்கும் என்று தெரியும். பிள்ளை பிறந்து எழுந்து நிற்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. கட்டிய துணியோடு அப்படியே அம்பாசமுத்திரத்துக்கு எடுத்துப் போய், அதே அளவில், நிறம் ஏற்றாமல், வெறும் அரக்கு மட்டும் போட்டு ஒன்று கடைந்து தரச் சொல்லுங்கள். பழையதை அளவெடுத்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், பட்டறையில் விட்டுவிட்டு வந்தால் அதுவும் காரைக்குடிக்குப் போய்விடும். உங்கள் வண்டிக் கைப்பிடியிலும் பல் தடம் இருந்தால், அது யார் பல் என்று மாமியாருக்குத் தெரிந்திருக்கும்.