பொட்டு மறைந்தாலும் உப்பை நிறுத்தாதீர்கள்

கேள்வி: செங்குன்றம் பக்கம் வீட்டுப் பின்புறத்தில் சிமென்ட் தொட்டிகள் கட்டி கோல்டு ஃபிஷ், பிளாக் மோலி வளர்த்து, கொளத்தூர் வியாபாரிகளுக்குக் கொடுக்கிறேன். மார்கழி தொடக்கத்தில் புதிதாக வாங்கி விட்ட மோலிகள் மேல் ரவை தூவியதுபோல் வெள்ளைப் பொட்டுகள் வந்தன. சுவரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. கொஞ்சம் உப்பும் டெட்ராசைக்ளின் மாத்திரையும் போட்டேன். மூன்றாம் நாள் பொட்டு போய்விட்டது, அதோடு உப்பையும் நிறுத்திவிட்டேன். ஒரே வாரத்தில் முன்பைவிட அதிகமாக வந்து மீன்கள் சாகின்றன. வேறு என்ன மருந்து போடலாம்?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது வெண்புள்ளி நோய். இக்தியோப்திரியஸ் என்ற ஒட்டுண்ணியால் வருவது. மழை ஓய்ந்து பனி இறங்கும்போது இரவில் தண்ணீர் குளிர்ந்து மீன்கள் சோர்ந்திருக்கும். அந்தச் சமயத்தில் புது மீனோடு இது உள்ளே வந்தால் தொட்டியே காலியாகிவிடும்.

முதலில் டெட்ராசைக்ளினை நிறுத்துங்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து, இந்த ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது. ஃபில்டரில் அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் நல்ல பாக்டீரியாவையும் அது கெடுத்துவிடலாம்.

மூன்றாம் நாள் பொட்டு போனது மருந்தால் அல்ல. அந்தப் பொட்டு தோலுக்கு அடியில் புகுந்து வளரும் ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை தண்ணீரில் போடும் எதுவும் அதைத் தொடாது. முற்றியதும் தானாக உதிர்ந்து தரையில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை வெளியே வந்து வேறு மீனைத் தேடி நீந்தும் வேளையில் மட்டுமே உப்போ மருந்தோ அவற்றைக் கொல்லும். 25 டிகிரி வாக்கில் இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், குளிரில் இன்னும் நீளும். நீங்கள் உப்பைக் கைவிட்ட நேரம்தான் குஞ்சுகள் வெளிவரும் நேரம்.

மோலியும் கோல்டு ஃபிஷும் உப்பை நன்றாகத் தாங்கும். அதனால் கல்லுப்பையே முறையாகப் போடுங்கள், லிட்டருக்கு 3 கிராம். 6 அடி நீளம், 4 அடி அகலத் தொட்டியில் ஒன்றரை அடி தண்ணீர் நின்றால் சுமார் 1000 லிட்டர், அதற்கு 3 கிலோ. ஒரேயடியாகக் கொட்டாமல் ஒரு கிலோவாகக் கரைத்து, அரை நாள் இடைவெளி விட்டு ஊற்றுங்கள். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் வெறும் தண்ணீர் மட்டும் சேர்த்தால் போதும், உப்பு ஆவியாவதில்லை. கால் பங்கு தண்ணீர் மாற்றினால் முக்கால் கிலோ உப்பு சேருங்கள். தினமும் டியூப் வைத்துத் தரைக் கசடை உறிஞ்சி எடுங்கள், உதிர்ந்த ஒட்டுண்ணிகள் அங்கேதான் இருக்கும். கடைசிப் பொட்டு மறைந்த பிறகும் ஒரு வாரமாவது இதைத் தொடருங்கள். செடிகள் இருந்தால் வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், உப்பில் கருகும்.

ஒட்டுண்ணி செவுளிலும் புகுவதால் மீன் மூச்சுக்குத் திணறும். ஏர் பம்ப் இரவு பகலாக ஓடட்டும். இரவில் தார்ப்பாய் போட்டு மூடினால் குளிர் குறையும், ஓரத்தில் காற்றுக்கு இடைவெளி விடுங்கள்.

கோல்டு ஃபிஷில் ஒரு விஷயம் கவனியுங்கள். செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும் வரிசையாக வெள்ளை மணிகள் இருந்து, மீன் சுறுசுறுப்பாக இரை எடுத்தால் அது நோயே அல்ல. இனப்பெருக்கத்துக்குத் தயாரான ஆண் மீனின் அடையாளம் அது. மருந்து வேண்டாம். வாயோரம் பஞ்சு ஒட்டினாற்போல் வெளுத்திருந்தால் அது வேறு நோய், அதற்கு வைத்தியமும் வேறு.

நான்கைந்து நாளிலும் சாவு குறையவில்லை என்றால், ஒட்டுண்ணிக்குப் போடும் ஃபார்மலின் என்ற ரசாயனத்தைக் கண்மதிப்பில் ஊற்றிவிடாதீர்கள். அது தண்ணீரில் ஆக்சிஜனைக் குறைக்கும், அளவு மீறினால் மீனையும் கொல்லும். அடியில் வெள்ளையாகப் படிந்த பழைய ஃபார்மலின் கடும் விஷம். உயிரோடு இருக்கும் நோய் மீன் இரண்டை அதே தண்ணீரில் எடுத்துக்கொண்டு பொன்னேரி மீன்வளக் கல்லூரிக்குப் போய்க் கேளுங்கள். தோல் வழவழப்பை நுண்ணோக்கியில் பார்த்தால் லாட வடிவ உட்கருவோடு மெல்ல உருளும் ஒட்டுண்ணி தெரிந்துவிடும்.

தொட்டிக்குத் தனித்தனிக் கைவலை வையுங்கள், அல்லது ஒவ்வொரு முறையும் வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுங்கள். இனி வாங்கும் மீன்களை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள். இப்போது நோயுள்ள தொட்டியிலிருந்து, பொட்டு இல்லாத மீனாக இருந்தாலும், வியாபாரிக்குக் கொடுக்க வேண்டாம்.